ஆறாவது கம்பி

தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில், எலுமிச்சைக் கேக் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ரோவீனா லிண்ட்குவிஸ்ட் கிட்டார் கம்பியை மீட்டும் தன் வலது கை நகங்களை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கார் பட்டறைகளில் கடைசிப் பூச்சுக்கு முன்னால் தேய்க்கிற, கையில் பட்டால் துணி போலிருக்கும் தாள். மோதிரவிரல் நகத்தில்தான் அவளுக்குச் சந்தேகம். வியாழக்கிழமை பள்ளிப் பேருந்தின் அவசரக் கதவைச் சாத்தும்போது இடித்துக்கொண்டு ஓரம் பிளந்துவிட்டது. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்துப் பசை தடவி, காய்ந்தபின் தேய்த்து, மறுபடி பசை தடவி, ஒருவழியாக ஒப்பேற்றியிருந்தாள். ஐம்பத்து நான்கு வயதில், டுலூத் நகரத்துப் பனியில் தினமும் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு இடது கையில் ஒட்ட வெட்டிய நகமும் வலது கையில் நீண்ட நகமும் ஏன் என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

எம்மெட் கொலார் உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றது தெரிந்தது. பிறகு தொட்டிக்குப் போய், வெந்நீர்க் குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அமிழ்த்திக்கொண்டான். மேடையேறுமுன் விரல்களைச் சூடேற்றிக்கொள்வது இவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் அவன் கையை வெளியே எடுக்கிறதாகவே தெரியவில்லை.

"ரோட்டெல்லாம் பரவாயில்லையா?" என்று அவன் குழாயைப் பார்த்துக் கேட்டான்.

"பரவாயில்ல. ஏரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஐஸ்."

"ஏப்ரல்லயும் விடமாட்டேங்குது."

"ஆமா."

இவ்வளவுதான் பேச்சு. பிப்ரவரியிலிருந்து இவ்வளவுதான். கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுபது வயது, மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவள், கிட்டார் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவளேதான்.

"ரெண்டு பேரும் இப்படித் தொண்டை கிழியப் பேசினா மேடையில என்னத்த வாசிப்பீங்க?" என்றாள். "எம்மெட், கையை எடு. வெந்துடப் போகுது. ரோவீனா, நீ நாலாவது. அவன் அஞ்சாவது. மாத்தி ஏறிட்டு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வட்டமாக உட்கார்ந்து, அவரவர் பழகிக்கொண்டிருக்கும் பாட்டை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அதன் தாளைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில், இந்தத் தேவாலய மண்டபத்தில் கச்சேரி; இன்று அந்த நாள். கச்சேரிக்கு இரண்டே விதிகள். ஒரு பாட்டை இருவர் வாசிக்கக் கூடாது. எல்லோரும் ஒரே கிட்டாரில்தான் வாசிக்க வேண்டும். இரண்டாவது விதி ஒரு பழைய சண்டையில் பிறந்தது. ஒரு பல்வைத்தியர் ஒன்பதாயிரம் டாலர் கிட்டாரோடு வந்ததும், அவருக்குப் பின்னால் வாசித்தவர் "எனக்கும் அந்த மாதிரி மரம் கெடச்சா நானும்தான் வாசிப்பேன்" என்று முணுமுணுத்ததும், பேச்சு முற்றி ஆளுக்கொரு பக்கம் போனதும் ஊரறிந்த கதை. அதற்குப் பிறகு ஆர்லிஸ் சங்கத்துக்கென்று ஒரு சாதாரண கிட்டார் வாங்கி நாற்காலியில் வைத்தாள். வாசிக்கிறவன் வருவான், எடுப்பான், வாசிப்பான், அடுத்தவனுக்கு விட்டுப் போவான். மரத்தைக் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

எம்மெட்டுக்கு அறுபத்தொன்று. வீடுகளின் அடித்தளத்தில் இருந்து வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளைப் பழுது பார்ப்பது தொழில். நகத்தைக் காப்பாற்ற வலது கைக்கு மட்டும் இரண்டு உறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன் என்பதால் 'ஒத்தைக்கை எம்மெட்' என்று பட்டறையில் பெயர். மூன்று வருஷத்துக்கு முன்பு இதே மேடையில் உட்கார்ந்து, கம்பிகளைச் சரிபார்க்க ஆரம்பித்தவன், சரிபார்த்தான், சரிபார்த்தான், மூன்று நிமிஷம் திருகிக்கொண்டே இருந்தான். ஒருவழியாக வாசிக்கத் தொடங்கி, பாதியில் விரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அதே இடத்தில் நின்றது. கிட்டாரை நாற்காலியில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவு வழியாக, மேல்கோட்டு இல்லாமல் பனியில் இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டான். அவன் மனைவி ஜோனியை ஆர்லிஸ்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். ஒரு வருஷம் அவன் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு வட்டத்துக்கு வர ஆரம்பித்தான், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

போன அக்டோபரில், கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபோது ரோவீனாவிடம்தான் சொன்னான்: "இன்னொரு தடவை மேல ஏறிப் பாத்துடணும்னு இருக்கேன். அதுவும் போச்சுன்னா கிட்டாரை வித்துட்டு மீன் புடிக்கப் போயிடறேன்."

"உனக்கு மீனும் மாட்டாது" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். அப்போது அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

பிப்ரவரியில் கெட்டது. ரோவீனா பதினான்கு மாதமாகப் பழகிவந்தது ஒரு பழைய தென்னமெரிக்கத் தாலாட்டு. காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் இடையில் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் வாசித்துக்கொண்டிருப்பாள். வட்டத்தில் எல்லோருக்கும் தாளைக் கொடுத்தவளும் அவள்தான். 'இங்கே அவசரப்படாதே', 'இந்த இடத்தில் மூச்சு விடு' என்று தனக்காகப் பென்சிலில் எழுதிவைத்திருந்தது பிரதியிலும் விழுந்திருந்தது. ஜனவரிக் கூட்டத்தில் மூன்று முறை தடுக்கிவிட்டு, எரிச்சலில், "இந்தச் சனியனை இனிமே தொடவே மாட்டேன்" என்று தாளைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். வாசிக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறதுதான். மறுநாள் கொட்டகையில் மறுபடி அதையே எடுத்தாள்.

பிப்ரவரியில் அவரவர் பாட்டை அகரவரிசைப்படி அறிவித்தார்கள். கொலார் முதலில், லிண்ட்குவிஸ்ட் பிறகு. எம்மெட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தத் தாலாட்டு... ரோவீனா குடுத்தாளே, அது" என்றான். எட்டுத் தலைகள் அவள் பக்கம் திரும்பின.

"உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்று ஆர்லிஸ் கேட்டாள்.

"ஐயோ, எனக்கென்ன? தாராளமா வாசிக்கட்டும்."

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு மனத்தில் இருப்பதை நேராகச் சொல்வது கைவராது. ரோவீனாவின் அம்மா புற்றுநோயில் படுத்த படுக்கையாகி, கடைசி நாளிலும் "ஒண்ணுமில்ல, லேசா அசௌகரியம்" என்றுதான் சொன்னாள். மகளும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள், வீட்டுக்குப் போய்க் குளியலறையில் அழுதாள். அதன் பிறகு எம்மெட் இரண்டு முறை, "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டான். இரண்டு முறையும் "அதெல்லாம் ஒண்ணுமில்லையே" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே சொல்லவில்லை. அவன் தானாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தாள்.

மேலே மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்கள், கேக்குக்காக வருகிற திருச்சபைக்காரர்கள் கொஞ்சம். நாலாவதாக ரோவீனா ஏறினாள். அவள் எடுத்துக்கொண்ட மாற்றுப் பாட்டு ஒரு நடன இசை. அதற்கு ஆறாவது கம்பியை, அதுதான் எல்லாவற்றிலும் தடித்த, அடிக்குரல் கம்பி, வழக்கத்தைவிட ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து, திருகைத் தளர்த்தி, பக்கத்துக் கம்பியோடு ஒத்துப்பார்த்து இறக்கினாள். வாசித்தாள். பிடித்த பாட்டு இல்லை என்பதால் பயமும் இல்லை. ஒட்டுப்போட்ட நகம் தாக்குப்பிடித்தது. கடைசித் தட்டலில் அடிக்கம்பி மண்டபத்தின் பலகைத் தரைவரை அதிர்ந்து ஓய, கைதட்டல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்தது. எழுந்து தலைவணங்கினாள். நிமிர்ந்தபோது எம்மெட் படிக்கட்டில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்ததில் முகம் சிவந்திருந்தது. கிட்டாரை நாற்காலியில் வைப்பதுதான் வழக்கம். அவள் நேராக அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, இறங்கினாள். இரண்டாவது படியில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. நிற்காமல் நடந்தாள்.

முன்வரிசையில் ஜோனிக்குப் பக்கத்தில்தான் இடம். "பிரமாதம், ரோ" என்று ஜோனி அவள் காதில் சொன்னாள். "காலையிலேர்ந்து அவன் ஒரு வாய் சாப்பிடல."

எம்மெட் உட்கார்ந்தான். இடது காலைச் சின்ன முக்காலியில் வைத்தான். கண்ணை மூடினான். ஒரே ஒரு மூச்சு. திருகுகளைத் தொடவே இல்லை. உடனே ஆரம்பித்துவிட்டான்.

அதுவும் ரோவீனா சொல்லிக்கொடுத்ததுதான், அக்டோபரில், அந்த வண்டி நிறுத்துமிடத்தில். "போய் உக்காந்து சரிபாக்கறேன்னு ஆரம்பிச்சா பயத்துக்கு நீயே நாற்காலி போட்டுக் குடுக்கற மாதிரி. உக்காரு, மூச்சு விடு, ஆரம்பி. கிட்டார் சரியாத்தான் இருக்கும். நாங்க பாத்துக்கறோம்."

தாளில் கோடு போட்டுப் பிரித்த முதல் கட்டம், இரண்டாம் கட்டம். மேல் கம்பிகளில் மட்டும் மெதுவாக அசைகிற பாட்டு. நன்றாகவே வாசித்தான். அவளைவிட மெதுவாக, அவளுக்கு ஒருநாளும் வராத பொறுமையோடு. மடியில் அவளுடைய இடது கை தானாக அந்தப் பிடிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாலாவது கட்டத்தில் வலது கட்டைவிரலும் சேர்ந்துகொண்டது, தொடையில், வரப்போவதற்குத் தயாராகிற மாதிரி. எட்டுக் கட்டம்வரை மேலேயே உலாவுகிற தாலாட்டு ஒன்பதாவதில்தான் முதல்முறையாக அடிக்கம்பியைத் தொடும். இடது கை விரல் படாத ஆறாவது கம்பி, தனியாக, ஒரே ஒரு தட்டு. பதினான்கு மாதமாக அவள் காத்திருந்து தட்டிய தட்டு.

ஆறாவது கம்பி.

ஏற்றவில்லை. இறக்கிய கம்பியை ஏற்றாமல் கொடுத்துவிட்டாள். இறக்கியவர் ஏற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது எழுதாத விதி, சங்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டிய அவசியமே வராத விதி. ஒரே கிட்டாரை ஒன்பது பேர் வாசிக்கிற இடத்தில் அதை மறப்பது அடுப்பை எரியவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி. அந்த ஒரு தட்டோடும் போகாது. ஒன்பதுக்கு மேல் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அதே கம்பிதான், ஒவ்வொரு முறையும் கோணலாக ஒலிக்கும். எம்மெட்டுக்கு அந்த முதல் கோணல் போதும். கண்ணைத் திறப்பான், விரல் நிற்கும், பிறகு சமையலறைக் கதவு.

ஐந்தாவது கட்டம். முதல் எட்டுக் கட்டத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. அப்படி வாசித்தால் இன்னும் நாற்பது விநாடி. ஆனால் பதற்றத்தில் இருக்கும்போது எம்மெட் திரும்ப வாசிக்கிற இடங்களையெல்லாம் தாண்டிப் போய்விடுவான். தாண்டினால் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடிதான்.

கத்தலாமா? கத்தினால் அங்கேயே விழுவான். சும்மா இருந்தால் ஒன்பதாவதில் விழுவான். பின்வரிசையில் நிற்கும் ஆர்லிஸுக்கு ஜாடை காட்டலாம், ஆனால் ஆர்லிஸ் மட்டும் என்ன செய்ய முடியும்? இதற்கு நடுவில் இன்னொன்றும் ரோவீனாவின் மனத்தில் ஓடியது, அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஓடியது. சரிபார்க்காமல் ஆரம்பித்தவன் அவன். பழி அவன்மேல்தான் விழும். பாவம் எம்மெட், மறுபடியும், என்பார்கள். அவனே அவனைத்தான் திட்டிக்கொள்வான், அவள்மேல் சந்தேகம்கூட வராது. தாலாட்டு அவளிடமே திரும்பி வந்துவிடும்.

ஜோனி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "நல்லாத்தானே போகுது?" என்று மூச்சால் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொல்லு. நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள் ரோவீனா. அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏழு. எட்டு. எட்டின் முடிவில் எம்மெட்டின் தலை லேசாகச் சாய்ந்தது. கட்டைவிரல் எங்கே போகிறது என்று பார்த்தாள். போகவில்லை. விரல்கள் முதல் பிடிக்கே திரும்பின. அவள் பென்சிலில் எழுதியிருந்தாள், 'கண்டிப்பாகத் திரும்ப வாசி'. கீழ்ப்படிந்து, முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.

அவள் எழுந்துவிட்டாள்.

ஜோனியின் கை கூடவே வந்து, நழுவியது. நாற்காலி பின்னால் கிரீச்சிட்டது. எம்மெட் கண்ணைத் திறக்கவில்லை. எழுபது பேரும் பார்க்க, நன்றாக வாசித்துக்கொண்டிருக்கிற ஒருவனின் மேடையை நோக்கி ஒருத்தி நடக்கிறாள். பின்னாலிருந்து ஆர்லிஸ் "ரோவீனா!" என்று சீறினாள், பிறகு நீதிமன்றத்தில் பழகிய நாக்கு தானாக அடங்கியது. படி ஒன்று, இரண்டு, மூன்று. பழைய மரப்படி, ஒவ்வொன்றும் முனகியது. காலணியைக் கழற்றியிருக்கலாம் என்று மூன்றாவதில்தான் தோன்றியது. அவனுடைய இடது பக்கமாகச் சுற்றிப்போய், கிட்டாரின் தலை அவள் முகத்துக்கு நேரே வருகிற மாதிரி முழங்காலிட்டாள். முட்டி பலகையில் இடித்தது. இதற்குள் மூன்றாம் கட்டம் முடிந்திருந்தது.

கழுத்துக்கு மிக அருகிலிருந்த திருகை இரண்டு விரலால் பிடித்தாள். கிட்டார் லேசாக அசைந்தது. எம்மெட் கண்ணைத் திறந்தான்.

இவ்வளவு பக்கத்திலிருந்து அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. நெற்றியில் வேர்வை, உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. நாலாவது கட்டத்தில் ஒரு சுரம் மங்கலாக விழுந்தது.

"நிறுத்தாத" என்றாள், உதடு அசையாமல். "வாசிச்சுட்டே இரு. ஆறாவது கம்பி. நான் ஏத்தாமக் குடுத்துட்டேன்."

அவன் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்தாமல் இருந்தான் என்று யாருக்குத் தெரியும். கண் அவள்மேல் இருக்க, விரல்கள் தம்பாட்டுக்கு ஐந்தாவது கட்டத்துக்குள் போயின. அவள் திருக ஆரம்பித்தாள். கம்பியை ஏற்றுவது காதால் செய்கிற வேலை. தட்டி, கேட்டு, திருகி, தட்டி, கேட்டு. எத்தனை சுற்று என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இப்போது தட்ட முடியாது. தட்டினால் எழுபது பேருக்கும் கேட்கும். அரைச் சுற்று. முக்கால். இடது சுட்டுவிரலைக் கம்பியின் மேல், தலைக்கு அருகில், மெல்ல வைத்து அதன் விறைப்பைத் தொட்டுப்பார்த்தாள். எட்டு வருஷமாகத் தொடுகிற கம்பிதான். போதுமா? இன்னும் கொஞ்சம். கொஞ்சம் கூடிவிட்டதோ? கையில் வேர்த்து, திருகு வழுக்கியது. பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

ஆறாவது கட்டம். எம்மெட் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறக்கவில்லை. திறந்தால் விரல் நின்றுவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கேட்டான். பிப்ரவரியில் இரண்டு முறை வாயால் கேட்டதைவிடத் தெளிவாக, அந்தக் கண்ணால் கேட்டான். மறந்துதான் போனாயா?

இந்த ஊர் வழக்கப்படி அதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. ஐயோ, மறந்தே போச்சு, மன்னிச்சிடு. நாக்கு நுனிவரை வந்தது. படியில் இறங்கும்போது ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்ததும், அவள் நிற்காமல் நடந்ததும் கூடவே வந்தன.

"தெரியல, எம்மெட்" என்றாள். "சத்தியமா எனக்கே தெரியல."

அவன் கண்ணில் ஏதோ மாறியது. கோபமா, வலியா, அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஏழாவது கட்டம் கொஞ்சம் வேகமானது, பிறகு அவனே இழுத்துப் பிடித்தான். முன்வரிசையில் ஜோனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரோவீனா கடைசியாக ஒரு மயிரிழை திருகினாள், உடனே அதில் பாதியைத் திரும்பத் தளர்த்தினாள். சரியா தவறா என்று, அந்தக் கம்பி ஒலிக்கும்வரை அவளுக்குத் தெரிய வழியில்லை.

எட்டு. எட்டின் கடைசிச் சுரத்தை அவன் நீட்டினான். தாளில் எழுதியிருப்பதைவிட அதிகமாக, கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு நீட்டினான். அது தேய்ந்துகொண்டிருக்கும்போதே வலது கட்டைவிரல் மேலெழுந்து அடிக்கம்பிக்கு மேல் வந்து நின்றது. அவளுடைய இரண்டு விரல்களும் திருகிலேயே இருந்தன, கூடினால் இறக்க, குறைந்தால் ஏற்ற. எம்மெட் அவளைப் பார்த்தபடியே கட்டைவிரலை இறக்கினான்.